பாட்டுக்குப் பின்னால் கேட்ட தெரு

அந்தக் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. பள்ளி ஆசிரியர் அறையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இடது கையால் போனைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இரண்டாவது பாட்டு முடியும் இடத்தில், கிதார் ஒலி அடங்கும்போது, பின்னால் தூரத்தில் ஒரு ஒலிபெருக்கி கேட்கிறது. இரைச்சலை நீக்கி, சத்தத்தைக் கூட்டிப் பல தடவை கேட்டேன். 'திருவேட்டக்குடி மீன்' என்கிறது ஒரு ஆண் குரல். ஆக, நீங்கள் இருப்பது காரைக்காலில்."

அவ்வளவுதான் கடிதம். கீழே ஒரு சிரிக்கும் பொம்மை.

வாயில் போட்ட எலுமிச்சைச் சோற்றை விழுங்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த தமிழ் டீச்சர், "என்னங்க, மொளகாயக் கடிச்சிட்டீங்களா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். எதற்காக என் முகம் அப்படி ஆனது என்று அவரிடம் சொல்ல முடியாது. நான் பாடுகிறேன் என்பதே அந்தப் பள்ளியில் யாருக்கும் தெரியாது.

காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் இருக்கும் அந்தத் தனியார் பள்ளியில் நான் வேதியியல் நடத்துகிறேன். வீடு பக்கத்தில், தலத்தெருவில். கணவர் மின்துறையில் வேலை. எங்களோடு மாமியாரும், கணவரின் தங்கையும் இருக்கிறார்கள். நாத்தனாருக்குக் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தபடியே. கிதார் அவளாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டாள். பாட்டைப் பதிவு செய்வது, தனித்தனியாக எடுத்ததைச் சேர்ப்பது எல்லாம் வீடியோ பார்த்துப் பழகியதுதான். நான் சின்ன வயதில் ஐந்து வருடம் வாய்ப்பாட்டுப் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு குளிக்கும்போதும் சமைக்கும்போதும் பாடுவதோடு சரி.

நான் பாட்டு எழுதத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. நான்கு மாதக் கர்ப்பம் ஒன்று கலைந்துபோனது. ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. மாமியாருக்குக்கூட, "வயித்து வலி, டாக்டர் படுத்திருக்கச் சொன்னாங்க" என்றுதான் சொன்னோம். படுத்திருந்த அந்த நாட்களில் ஒரு பள்ளி நோட்டில் வரிகளை எழுத ஆரம்பித்தேன். ஒருநாள் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டாள். படித்து முடித்து, கிதாரை எடுத்துவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்படித்தான் தொடங்கியது.

வீட்டின் பின்னறையில் எங்கள் வயலில் விளைந்த நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். மூட்டைகள் இருக்கும் அறையில் குரல் எதிரொலிக்காது என்று நாத்தனார்தான் கண்டுபிடித்தாள். ஜன்னலில் பழைய மெத்தையைச் சாத்தினோம். விடுமுறை நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல், தெரு சாப்பிட்டுப் படுத்த பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடுவேன். வியர்வை கழுத்து வழியாக இறங்கும். நெல் தூசியில் தும்மல் வரும். ஒரு பாட்டை முடிக்க மூன்று வாரம்கூட ஆகியிருக்கிறது. எட்டுப் பாட்டு சேர ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

சென்னையில் ஒரு இசைக் கம்பெனிக்கு இரண்டு பாட்டை அனுப்பிப் பார்த்தோம். ஒருவர் போனில் பேசினார். குரல் நன்றாக இருக்கிறது, வரிகளை அவர்கள் ஆளை வைத்து மாற்றிக்கொள்வார்கள், பாட்டு முழுக்க அவர்களுடையதாகிவிடும், என் முகம் கட்டாயம் வேண்டும் என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் கையாலேயே "வேண்டாம்" என்றாள்.

"நாமளே விடுவோம் அண்ணி. இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. ஒரு பக்கம் போட்டா போதும். கேக்கறவங்க நேரா நம்மகிட்ட வாங்கிக்குவாங்க. உங்க பேரும் வேணாம், முகமும் வேணாம்."

அப்படியே செய்தோம். ஒரு இணையப் பக்கம். அதில் எட்டுப் பாட்டு. பிடித்தவர்கள் விருப்பப்பட்ட பணம் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். எனக்கு ஒரு புனைபெயர். பள்ளிக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் அதைக்கூட மூன்று தடவை மாற்றினேன். பக்கத்தின் மேலே நான் ஒரு சிறு கடிதம் எழுதினேன்: "உங்களுக்கும் எனக்கும் நடுவில் யாரும் இல்லை. எங்கள் வீட்டில் பாடியது நேராக உங்கள் காதுக்கு வருகிறது. கேட்டுவிட்டு எழுதுங்கள். பதில் போடுவேன்."

எழுதினார்கள். குவைத்தில் வண்டி ஓட்டும் ஒருவர், கோவையில் ஒரு கல்லூரி மாணவி, பாரிஸ் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு அம்மா. தினமும் பள்ளிவிட்டு வந்ததும் காப்பி டம்ளரோடு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். அந்த ஒரு மாதம் போலச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அவர்களில் ஒருவர்தான் ஒலிபெருக்கியைக் கேட்ட அந்த மனிதர்.

முதல் கடிதத்திலேயே மற்றவர்கள் சொல்லாததைச் சொன்னார். நான்காவது பாட்டில் ஒரு இடத்தில் நான் மூச்சு எடுத்தது சீக்கிரம் என்றார். அது உண்மை. பதிவின்போது எனக்கே தெரிந்தது. இன்னொரு பாட்டில் கிதாரின் ஒரு தந்தி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார். அதுவும் உண்மை. "என்னா காதுடா இது!" என்று நாத்தனார் வியந்துபோனாள். ஊன்றிக் கேட்கிற ஒருவர் கிடைத்துவிட்டார் என்று எனக்கும் பெருமையாக இருந்தது. அவருக்கு நீளமாகப் பதில் எழுதினேன். அவரும் எழுதினார். வாரத்துக்கு ஒன்று வந்தது மூன்றானது.

பிறகு ஒருநாள் கேட்டார்: "ஏழாவது பாட்டில் பெயர் சொல்லாமல் ஒருவரைக் கூப்பிடுகிறீர்கள். அது பிறக்காத குழந்தையா?"

அந்தப் பாட்டில் அப்படி ஒரு வார்த்தையும் கிடையாது. நான் நெடுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவரைத் தவிர, நாத்தனாரைத் தவிர யாருக்கும் தெரியாத ஒன்றை முகம் தெரியாத ஒரு ஆள் என் குரலிலிருந்தே எடுத்துவிட்டார். அப்போதே பயந்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. யாரோ ஒருவருக்குப் புரிந்துவிட்டதே என்ற அழுகை. "ஆமாம்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டேன். அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்து வந்ததுதான் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கடிதம்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம் காட்டினேன். அவள் முதலில் நம்பவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டாவது பாட்டின் கடைசியைப் போட்டாள். அவள் முகம் மாறியது. ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள். சத்தத்தைக் கூட்டக் கூட்ட, கடல் இரைச்சல் மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள், எங்கோ கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல், எங்கள் தெருவில் தினமும் வரும் மீன் வண்டியின் குரல்.

"நான் கவனிக்கவே இல்ல அண்ணி," என்றாள்.

"காரைக்கால்னுதானே சொல்றாரு. இவ்ளோ பெரிய ஊர்ல எங்க போய்த் தேடுவாரு?" என்றேன். அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னேன்.

நான் பதில் எழுதவில்லை. மறுநாள் அவரே எழுதினார். ஐந்தாவது பாட்டில் வெல்டிங் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தம். ஆறாவதில் ரயில் ஊதல், அதுவும் நிலையத்தை நெருங்கும்போது ஊதும் நீண்ட ஊதல். மூன்றாவதில் பாட்டு தொடங்கும் முன் இரும்பு கேட் ஒன்று இரண்டு கட்டமாகக் கிறீச்சிடுகிறது. எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகப் போட்டிருந்தார். நொடிக் கணக்கோடு. கடைசியில்:

"சனிக்கிழமை திருநள்ளாறு வருகிறேன். அப்படியே உங்கள் தெருவையும் கேட்டுவிட்டுப் போகிறேன்."

தெருவைப் பார்த்துவிட்டு என்று எழுதவில்லை. கேட்டுவிட்டு என்று எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்தான் என்னைத் தூக்கிப்போட்டது.

என் கணவரிடம் சொன்னோம். அவர் அதிகம் பதறாத ஆள். "திருநள்ளாறுக்கு சனிக்கிழமை ஆயிரம் பேரு வர்றான். வந்துட்டுப் போகட்டும். நீ பதிலே போடாத," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எதுக்கும் அன்னிக்கு வெளியில போகாத," என்றார்.

அடுத்த மூன்று நாளும் பதுங்கித்தான் இருந்தேன். அவருக்கு என் முகம் தெரியாது. குரல் மட்டும்தான் தெரியும். அதனால் எனக்குக் குரலை வெளியே விடவே பயமாகிவிட்டது. குளிக்கும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். வாசலில் நின்று பேசுவதை நிறுத்தினேன். மாடியில் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டம்மா ஏதோ கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினேன். வகுப்பில் பாடம் நடத்தும்போது குரல் தெருவுக்குப் போகிறதோ என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். "டீச்சர், புழுங்குது," என்று பிள்ளைகள் முனகினார்கள். சொந்த ஊரில், சொந்த வீட்டில், திருடிபோல நடமாடினேன்.

பின்னறையில் உட்கார்ந்து எட்டுப் பாட்டையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். என் குரலை அல்ல, அதற்குப் பின்னால் இருந்ததை. குக்கர் விசில். மாமியாரின் இருமல். ஒரு பாட்டின் நடுவில் யாரோ யாரையோ "ஏங்க" என்று கூப்பிடுகிறார்கள். கேட்கக் கேட்க ஒவ்வொரு பாட்டிலும் எங்கள் வீட்டுக் கதவு ஒன்று திறந்து கிடப்பதாகப் பட்டது.

சனிக்கிழமை காலை ஒன்றும் நடக்கவில்லை. பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. கணவர் வேலைக்குப் போய்விட்டார். நாத்தனாருக்கு அலுவலகக் கூட்டம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாமியார் சாம்பாருக்குத் தக்காளி இல்லை என்றார். முனைக் கடைதானே, நாற்பது அடி தூரம் என்று பையை எடுத்துக்கொண்டு போனேன். அதுவரை எதுவும் நடக்கவில்லை என்பதே எனக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்திருந்தது.

கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். என் முறை வந்தபோது தலையைத் திருப்பினேன். எதிர்ச் சாரியில், வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, தோளில் ஒரு துணிப்பை. கழுத்தில் பெரிய ஹெட்போன் தொங்கியது. கண்ணை மூடியிருந்தார்.

"என்ன வேணும்க்கா?" என்றாள் கடைக்காரப் பெண்.

நான் தக்காளியைக் காட்டினேன்.

"எவ்ளோ?"

ஒரு விரலைக் காட்டினேன்.

"ஒரு கிலோவா?"

தலையாட்டினேன்.

"என்னக்கா, தொண்ட கட்டிக்கிச்சா?" என்று அவள் உரக்கக் கேட்டாள். அவள் எப்போதுமே உரக்கத்தான் பேசுவாள். அந்த ஆள் கண்ணைத் திறந்து கடைப் பக்கம் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அவர் பார்வை என் மேல் நின்று, நகர்ந்து, அடுத்த பெண்ணிடம் போனது. தக்காளியை வாங்கிக்கொண்டு நடந்தேன். ஓடக்கூடாது, ஓடக்கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு நடந்தேன். எங்கள் வீட்டு கேட் முன்னால் வந்ததும் நின்றுவிட்டேன். அதைத் திறந்தால் சத்தம் வரும். பட்டியலில் இருந்த அதே சத்தம்.

கேட்டைத் திறக்காமல் தாண்டிப் போய், சந்து வழியாகக் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழைந்தேன். நாத்தனாரின் அறைக்குப் போய் அவள் தோளைத் தொட்டேன். என்னைப் பார்த்ததும் கூட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்தாள்.

அவள் அண்ணனுக்குப் போன் செய்துகொண்டிருக்கும்போதே வாசலில் கேட் திறந்தது. இரண்டு கட்டமாக. பிறகு மூடியது. மறுபடி திறந்தது. சோதித்துப் பார்க்கிறார் என்று புரிந்தது. நான் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமியார் அடுப்படியிலிருந்து வாசலுக்குப் போனார்.

"யாருங்க? என்ன வேணும்?"

"அம்மா, இந்த வீட்டுல பாடுறவங்க யாராச்சும் இருக்காங்களா?"

மாமியாருக்கு நாங்கள் பாட்டை வெளியிட்டது தெரியாது. ஆனால் மதிய வேளைகளில் பின்னறையில் நான் பாடுவது தெரியும். கதவை மூடிக்கொண்டு என்ன செய்கிறோம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர் வெள்ளந்தியாக "இருக்காளே, என் மருமக" என்று சொல்லப்போகிறார் என்று நான் கண்ணை இறுக்கிக்கொண்டேன்.

"பாடுறவங்களா? இங்க யாரும் பாட மாட்டாங்களே."

"இல்லம்மா, இந்த கேட்டுச் சத்தம் எனக்குத் தெரியும். பாட்டுல கேட்டுருக்கேன்."

"கேட்டுன்னா சத்தம் வரத்தான் செய்யும். தெரு முழுக்க கேட்டுதான். ஊட்டுல ஆம்பளைங்க வர்ற நேரம், நீங்க கெளம்புங்க."

கேட் மூடும் சத்தம். மாமியார் உள்ளே வந்து கதவைத் தாழிட்டார். தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது. "யாரு அந்தாளு? எதுக்கு ஒன்னயத் தேடுறான்?" என்றார். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். குரல் வராமல் அழுதேன்.

அந்த ஆள் போகவில்லை. எதிர்வீட்டு வேப்ப மரத்தடியில் நின்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஜன்னல் இடுக்கு வழியாக நாத்தனார் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "நம்ம பாட்டத்தான் கேக்கறாரு போல அண்ணி. தல ஆடுது." கால் மணி நேரத்தில் என் கணவரும் அவரோடு வேலை பார்ப்பவர் ஒருவரும் வண்டியில் வந்து இறங்கினார்கள். கூச்சல் எதுவும் இல்லை. பேசினார்கள். அந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகப் பதில் சொன்னார். பிறகு எல்லோருமாக மகளிர் காவல் நிலையத்துக்குப் போவது என்றானது. என்னையும் வரச் சொன்னார்கள்.

நிலையத்தில், புதுச்சேரிக் காவலர்களுக்கே உரிய சிவப்புத் தொப்பியை மேசையில் கழற்றி வைத்திருந்த ஒரு பெண் காவலர் எங்களை உட்காரச் சொன்னார். உதவி ஆய்வாளரும் பெண்தான். அந்த ஆளை முதலில் விசாரித்தார். எங்கிருந்தோ கடத்தல்காரனைப் போல ஒருவன் வந்திருப்பான் என்று நான் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்திருந்தது வேறு மாதிரி ஆள். வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார், பாட்டு கேட்பதுதான் பொழுதுபோக்கு. பிரசாதப் பொட்டலம் அவர் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. அப்படிப்பட்ட ஆளாக இருந்தது என் பயத்தைக் குறைக்கவில்லை. கூட்டியது. இவரைத் தெருவில் பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

"நான் தப்பா ஒண்ணும் பண்ணலீங்க," என்றார். "அவங்கதான் எழுதியிருந்தாங்க, நடுவுல யாரும் இல்லன்னு. எனக்குப் பதில் போட்டாங்க. அந்தக் கொழந்த விஷயத்தக்கூட எங்கிட்டதான் சொன்னாங்க."

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். கோபம் இல்லை. எங்களுக்குள் மட்டும் என்று வைத்திருந்த ஒன்றை இந்த நாற்காலியில் இருப்பவனிடம் கொடுத்தாயா என்று கேட்ட மாதிரி இருந்தது.

உதவி ஆய்வாளர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. என்ன நடந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன். "மொதல்ல சாதாரணமாத்தான் எழுதினாரு..." என்று தொடங்கினேன். அவ்வளவுதான். அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டார். முகம் இளகியது. தலையை லேசாக ஒருபக்கம் சாய்த்தார். நான் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர் பாட்டு கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உடம்பெல்லாம் கூசியது.

பேசுவதை நிறுத்தினேன். உதவி ஆய்வாளரின் மேசையில் இருந்த பேனாவைக் காட்டினேன். அவர் என்னையும் பார்த்தார், அந்த ஆளையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

முதல் கடிதத்திலிருந்து கேட் சத்தம் வரை எழுதினேன். "ஆமாம்" என்று நான் பதில் போட்டதையும் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்தான். அந்த ஆள் கண்ணைத் திறந்து, நான் பேசமாட்டேனா என்று காத்துக்கொண்டிருந்தார். உதவி ஆய்வாளர் வாங்கிப் படித்துவிட்டு, தன் குரலில், அந்த ஆளுக்குக் கேட்கும்படி மறுபடி சத்தமாகப் படித்தார். 'பயமாக இருக்கிறது' என்று நான் நான்கு இடத்தில் எழுதியிருந்தேன். நான்கு தடவையும் அழுத்திப் படித்தார்.

"இப்ப கேட்டுச்சா?" என்றார் அவரிடம். "நல்லா காது கேக்குங்கறீங்களே. இந்தப் பொம்பளப் புள்ள பயந்து கெடக்குது. அது கேக்கலயா ஒங்களுக்கு?"

அவர் முதல்முறையாகத் தலைகுனிந்தார். இனி எழுதமாட்டேன், இந்த ஊர்ப் பக்கம் வந்தாலும் அந்தத் தெருவுக்குப் போகமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உதவி ஆய்வாளர் அந்த ஆளின் ஊர்க் காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுப்பதாகச் சொன்னார். எழுந்து போகும்போது அந்த ஆள் என் பக்கம் திரும்பி, "பாட்ட மட்டும் நிறுத்திடாதீங்க," என்றார். அக்கறையோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டது.

திரும்பும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அரசலாற்றுப் பாலத்தின் ஓரத்தில் அவர் வண்டியை நிறுத்தினார்.

"எங்கிட்ட நீ அதப்பத்திப் பேசினதே இல்ல," என்றார்.

"நீங்களும் பேசல."

"ஆமா," என்றார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தப் பாட்ட நான் ஒரு தடவதான் கேட்டேன். அதுக்கு மேல முடியல."

அவருக்கும் அந்த வலி இருந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெயில் தலையைப் பிளந்தது. இரண்டு பேரும் அங்கேயே நின்று அழுதோம். போகிற வருகிறவர்கள் எங்கள் வண்டி ரிப்பேர் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டில் நாத்தனார் எங்கள் பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "என் தப்புதான் அண்ணி. அந்த அர செகண்ட நான் வெட்டியிருக்கணும்," என்றாள். தப்பு அவளுடையது இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் ஏற்கவில்லை. மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம், கலைந்த பிள்ளை உட்பட. அவர் சோறு போட்டுக்கொண்டே கேட்டார். கடைசியில், "வயித்து வலின்னு நீங்க சொன்னப்பவே நெனச்சேன்," என்று மட்டும் சொன்னார்.

ஐந்து மாதம் நான் பாடவில்லை. நினைத்தால்கூட வரவில்லை. ராகம் வாய்வரை வரும், உடனே யாரோ தலையைச் சாய்த்துக் கேட்பதுபோலத் தோன்றும், நின்றுவிடும். தெருவில் யார் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றாலும் ஒதுங்கிப் போய்விடுவேன். கல்லூரிப் பிள்ளைகள் எல்லோர் காதிலும் ஏதோ ஒன்று இருக்கிறது இப்போது. எத்தனை பேருக்குப் பயப்படுவது?

இதற்கிடையே, பக்கத்தைக் காணோமே என்று கேட்டு மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் திறக்கவே இல்லை. ஒருநாள் நாத்தனார், பாரிஸ் அம்மாவின் கடிதத்தை மட்டும் எனக்குப் படித்துக் காட்டினாள். அவர் மகளுக்குத் தமிழ் பேச வராதாம். ஆனால் ஆறாவது பாட்டைக் காரில் போகும்போது முணுமுணுக்கிறாளாம். இறக்கி வைத்திருந்த பாட்டு பழைய போனோடு தொலைந்துவிட்டது, மறுபடி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடிதத்திலும் நான் முதலில் தேடியது ஆபத்தைத்தான். இந்த அம்மாவுக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்? ஏன் ஆறாவது? அப்படித் தேடுகிறேன் என்று உணர்ந்தபோது எனக்கே வெறுப்பாக இருந்தது. ஒரு ஆள் வந்து போனதற்கு, எழுதுகிறவர்கள் எல்லோரையும் அந்த ஆளாக்கிவிட்டேன்.

"அந்தம்மாவுக்குப் பாட்ட அனுப்பிடு," என்றேன்.

"அனுப்பிட்டேன் அண்ணி, நேத்தே."

பிறகு மெல்ல மெல்லத்தான் நடந்தது. பக்கத்தைத் திரும்பப் போட்டோம். இரண்டாவது பாட்டின் கடைசியை நாத்தனார் வெட்டினாள். எல்லாப் பாட்டுக்கும் அடியில் இருந்த சத்தங்களைத் துடைத்தாள். கடிதங்கள் அவளுக்குப் போகும்படி செய்தோம். நடுவில் யாரும் இல்லை என்று எழுதியிருந்ததை எடுத்தேன். பதில் போடுவேன் என்பதையும் எடுத்தேன். எடுக்கும்போது வலித்தது. அந்த முதல் மாதத்தின் சந்தோஷம் அந்த இரண்டு வரியில்தான் இருந்தது. ஆனால் கம்பெனிக்குக் கொடுத்திருக்கலாமோ என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. நாத்தனார் ஒருமுறை கேட்டாள். இல்லை என்றேன். என் பாட்டுக்கும் கேட்பவர்களுக்கும் நடுவில் ஆள் வேண்டும்தான். அது என் வீட்டு ஆளாக இருக்கட்டும்.

இந்த வருடம் ஆறு பாட்டு சேர்ந்திருக்கின்றன. அதே பின்னறைதான். ஆனால் பாடும்போது இப்போதும் ஒரு காது வாசலில் இருக்கிறது. கூர்ந்து கேட்டால் என் குரலில் அது தெரியும் என்று நினைக்கிறேன். சில இடங்களில் வரியை முடிக்காமலே குரலை இறக்கிவிடுகிறேன். நாத்தனார் அவற்றைத் திரும்பப் பாடச் சொல்லவில்லை. "இப்படியே இருக்கட்டும்," என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வெளியிட்டோம். மதியம் மூன்று மணி இருக்கும். கணவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாமியார் முறுக்கு டப்பாவோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நாத்தனார் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிட்டு, பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"விடவா அண்ணி?"

"இரு," என்றேன்.

எழுந்து போய் வாசல் கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது. கொல்லைக் கதவையும் பார்த்தேன். அதுவும் போட்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"விடு."